சென்னியப்பனின் வெற்றுக் கேசட்

காவிரிக்கு மேற்குக் கரையில், பாலம் இறங்கிக் கூப்பிடு தூரம் வந்தால் ஓடைப்புதூர். லுங்கியும் துண்டும் நெய்கிற ஊர். விசைத்தறிகள் முதன்முதலாக அங்கே வந்து நாற்பத்திரண்டு வருஷம் ஆகியிருந்தது, அந்த நாற்பத்திரண்டு வருஷத்தில் ஒரு நிமிஷம்கூட ஊர் முழுக்கத் தறி நின்றது கிடையாது, ஏனென்றால் ஒரு தறிக்கூடத்துக்கு ஞாயிறு லீவு என்றால் அடுத்த கூடத்துக்குச் செவ்வாய் லீவு, மின்சாரம் போனால் ஜெனரேட்டர்கள் அந்த வேலையைக் கையில் வாங்கிக்கொண்டு தறிகளைவிட அதிகமாகக் கத்தும், தீபாவளியன்றுகூட எங்காவது ஒரு கூடத்தில் அவசர ஆர்டர் ஓடிக்கொண்டிருக்கும். அதனால் அந்த ஊர்க்காரர்கள் பேசும்போது முகத்துக்கு நேராக நின்று, வாயை அகலத் திறந்து, கையையும் சேர்த்து அசைத்துப் பேசுவார்கள். வெளியூரிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவர்கள் முதல் மாதம் எல்லோரும் சண்டை போடுகிறார்கள் என்று நினைப்பார்கள், மூன்றாவது மாதம் அவர்களும் அப்படியே பேசுவார்கள்.

அந்த ஊரில் மோட்டாருக்குக் காயில் கட்டுகிற சென்னியப்பன் பழைய டெக்குகளைச் சேர்த்து வைத்திருந்தார். ஒரு காலத்தில் கல்யாண வீட்டிலும் திருவிழாவிலும் வாடகைக்கு எடுத்து வந்து, டிவியில் சொருகி, விடிய விடியப் படம் பார்த்தார்களே, அந்த வீடியோ டெக்குகள். மூடிப்போன கேசட் கடைகளிலிருந்தும், பழைய இரும்புக் கடைகளிலிருந்தும், கல்யாண வீடியோ எடுத்துக்கொண்டிருந்து பிற்பாடு கோழிப்பண்ணை வைத்தவர்களின் பரணிலிருந்தும் அவர் முப்பத்தொரு டெக்குகளைக் கொண்டுவந்து சேர்த்திருந்தார், ஆனால் அவர் வீட்டில் டிவி கிடையாது. படம் பார்க்காத ஆளுக்கு எதற்கு இத்தனை டெக் என்று கேட்டவர்களுக்கெல்லாம் அவர் பொறுமையாக ஒரே பதிலைச் சொல்வார். சாதாரண டெக்குகள் கேசட் நாடாவின் ஓரத்தில் ஒரு மயிரிழை அகலத்தில் சத்தத்தை எழுதும், அதனால் அதில் எப்போதும் ஒரு இரைச்சல் இருக்கும், ஆனால் கடைசிக் காலத்தில் வந்த நல்ல டெக்குகளில் படம் எழுதுகிற அதே சுழலும் உருளையில் சத்தத்தை எழுதுவதற்கென்று தனியாக இரண்டு ஹெட், அதாவது முனைகள், வைத்திருந்தார்கள், அவை படத்துக்கு அடியில் நாடாவின் முழு அகலத்துக்கும் சத்தத்தை எழுதும், அதில் இரைச்சலே கிடையாது, பாடுகிறவர் மூச்சு இழுப்பதும் கேட்கும், மூச்சை இழுப்பதற்கு முன்னால் யோசிப்பதும் கேட்கும் என்பார். கேட்டவர்கள் தலையாட்டிவிட்டுப் போவார்கள். அவர் வீட்டுக்கு இரண்டு பக்கமும் தறிக்கூடம். அங்கே உட்கார்ந்து மூச்சுச் சத்தம் கேட்க வேண்டுமென்றால் காதை ஸ்பீக்கரோடு ஒட்டிவைக்க வேண்டும், அவர் அப்படித்தான் வைத்துக் கேட்டார்.

அவருடைய மனைவி பாவாயி, குழந்தைசாமி கூடத்தில் இருபத்தாறு வருஷமாகத் தறி ஓட்டுகிறவள். பகல் ஷிப்ட் முடிந்து வந்து, குளித்து, சோறு வைத்து இறக்கியபிறகு அவளும் வந்து அவர் பக்கத்தில் உட்காருவாள். ரேடியோவிலிருந்து பிடித்த பாட்டு, மாரியம்மன் கோயிலில் மைக் வைத்துப் பிடித்த நாதஸ்வரம், ஆற்றங்கரையில் பிடித்த மழை என்று அவர் ஒவ்வொன்றாகப் போடுவார். ஒரு மணி நேரம் இரண்டு பேரும் பேசாமல் உட்கார்ந்திருப்பார்கள். முடிந்ததும் நல்லா இருக்குதா என்று அவர் முகத்தைப் பார்த்துக் கேட்பார், நல்லா இருக்குது என்று அவள் தலையாட்டுவாள். தன் வாழ்க்கையில் நல்லபடியாக அமைந்தது இந்த ஒரு மணி நேரம்தான் என்று சென்னியப்பன் நினைத்துக்கொண்டிருந்தார்.

முப்பத்திரண்டாவது டெக், துபாயிலிருந்து திரும்பி வந்த ஒருவரின் வீட்டு மாட்டுக்கொட்டகையில் தவிட்டு மூட்டைக்கு அடியில் கிடைத்தது. இரண்டு பக்கமும் மரப்பலகை வைத்த, தூக்கினால் இடுப்பு பிடித்துக்கொள்கிற கனத்த பெட்டி. பவர் சப்ளை செத்திருந்தது, கெப்பாசிட்டர்கள் ஊதி வெடித்துக் கசிந்திருந்தன, ரப்பர் உருளை பழைய வெல்லம் மாதிரி இறுகியிருந்தது, பெல்ட்டைத் தொட்டதும் அது கையில் தாராக ஒட்டியது. மூன்று மாதம் அவர் அதோடு கிடந்தார். கெப்பாசிட்டர்களை ஒவ்வொன்றாக மாற்றினார், பெல்ட்டுக்குச் சரியான அளவு கிடைக்காமல் பம்புசெட்டுக்குப் போடுகிற ரப்பர் வளையத்தைத் தேய்த்துத் தேய்த்துப் பொருத்தினார், மெல்லிய தோல் துண்டை ஸ்பிரிட்டில் நனைத்து, உருளையைக் கையால் மெதுவாகச் சுற்றி, குழந்தையின் காதைத் துடைக்கிற மாதிரி ஹெட்டுகளைத் துடைத்தார்.

ஒரு டெக் எவ்வளவு நல்லது என்று தெரிந்துகொள்ள அவரிடம் ஒரு வழி இருந்தது. எந்த வயரையும் சொருகாமல் ஒரு புதுக் கேசட்டில் ஒரு மணி நேரம் ஒன்றுமில்லாததை ரெக்கார்ட் செய்வார். பிறகு அதைத் திருப்பிப் போட்டு, சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போய், எவ்வளவு கூட்டிய பிறகு இரைச்சல் கேட்கிறது என்று பார்ப்பார். சித்திரை மாதம் ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு அந்த வெற்றுக் கேசட்டைப் போட்டு, காதை ஸ்பீக்கரில் ஒட்டிவைத்து, குமிழைத் திருகினார். கால்வாசி திருகியபோது அவர் வீட்டுக்கு இரண்டு பக்கமும் ஓடிக்கொண்டிருந்த தறிகளின் சத்தம் நின்றது, பாதி திருகியபோது தெருவின் சத்தம் நின்றது, முக்கால் திருகியபோது ஆற்றங்கரை வரைக்கும் ஊரின் சத்தம் நின்றது. தறிகள் ஓடிக்கொண்டுதான் இருந்தன, ஊடு நூலைச் சுமந்த நாடாக்கட்டைகள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பறந்துகொண்டுதான் இருந்தன, துணி அங்குலம் அங்குலமாகச் சுருண்டுகொண்டுதான் இருந்தது.

கூடங்களில் இருந்தவர்கள் முதலில் கரண்ட் போய்விட்டது என்று நினைத்து அண்ணாந்து பல்பைப் பார்த்தார்கள். பல்பு எரிந்துகொண்டிருந்தது. பிறகு தறியைப் பார்த்தார்கள். தறி ஓடிக்கொண்டிருந்தது. அதனால் திரும்பவும் வேலையைப் பார்க்க ஆரம்பித்தார்கள். மோட்டாரில் ஓடுகிற எதற்கும் சத்தம் இல்லை என்பதும், மனிதர் குரல், காக்கை, ஆடு, பாத்திரம், குழாயில் விழுகிற தண்ணீர் எல்லாவற்றுக்கும் சத்தம் உண்டு என்பதும் கால் மணி நேரத்துக்குள் ஊருக்குத் தெரிந்துவிட்டது. அதே கால் மணி நேரத்துக்குள், பக்கத்துத் தறிக்காரியிடம் தன் மாமியார் எண்ணெயை ஒளித்துவைக்கிற இடத்தைப் பற்றிக் குழந்தைசாமி கூடத்துச் சரசாள் வழக்கமான கத்தல் குரலில் சொன்னதை மாமியாரையும் சேர்த்து மூன்று தெரு கேட்டது, நூல் கடைக்காரர் போனில் யாரையோ தங்கமே என்று கூப்பிட்டதும் கேட்டது, ராக்கியப்பன் என்கிற ஆள் இருபது வருஷமாகத் தறியோடு சேர்ந்து யாருக்கும் கேட்காமல் பாடிக்கொண்டிருந்த ஒப்பாரி ஊர்க் கோடி வரைக்கும் போனது. ஐந்து மணிக்குக் கேசட் முடிந்தது, சத்தம் திரும்பி வந்தது, அன்றைக்குச் சாயங்காலம் ஓடைப்புதூரில் ஆறு வீடுகளில் சண்டை நடந்தது.

காரணத்தைத் தேடி யாரும் அலையவில்லை. டெக்குக்காரர் வீட்டிலிருந்து வருகிறது என்று தெரிந்ததும் நெசவாளர் சங்கத்துக் கட்டடத்தில் கூடி, தினமும் எப்போது போடுவது என்று பேசினார்கள். காலை ஆறு மணிக்கு வேண்டும் என்று ஒரு சிலர் சொன்னார்கள், பரீட்சை வரைக்கும் சாயங்காலம் ஏழு மணிக்கு என்று வாத்தியார் கேட்டார், கடைசியில் முதல் நாள் எப்படி வந்ததோ அப்படியே நாலிலிருந்து ஐந்து என்று முடிவானது. அதற்குப் பிறகு ஊர் அந்த ஒரு மணி நேரத்துக்கு ஏற்றபடி தன்னை மாற்றிக்கொண்டது. சத்தமில்லாமல் வந்த பஸ் இரண்டு ஆடுகளை அடித்துப்போட்டதால் நாலு மணி பஸ்ஸின் கண்டக்டர் பாலத்திலேயே இறங்கி விசில் ஊதிக்கொண்டு பஸ்ஸுக்கு முன்னால் நடந்து வந்தார். தறிச் சத்தத்தில் மட்டுமே தூங்கத் தெரிந்த கைக்குழந்தைகள் நாலு மணிக்கு விழித்துக்கொண்டு அழுததால் தாய்மார்கள் தொட்டில் பக்கத்தில் முறத்தைத் தட்டினார்கள். பெண் பார்க்க வருகிறவர்களை நாலு மணிக்கு வரச் சொன்னார்கள், ஏனென்றால் அப்போதுதான் பெண்ணின் குரல் எப்படி என்று மாப்பிள்ளை வீட்டாருக்குத் தெரியும். வெட்கப்பட்டு மூன்று நாள் வாயை மூடிக்கொண்டிருந்த ராக்கியப்பனை அவருடைய தெருக்காரர்கள் பாடச் சொல்லிக் கேட்டார்கள், அவரும் பாடினார். மெதுவாகப் பேசுவது எப்படி என்று ஊர் கற்றுக்கொண்டது. வாயை அகலத் திறக்காமல், கையை அசைக்காமல், பக்கவாட்டில் பார்த்துக்கொண்டு, நடந்துகொண்டே, முதுகைக் காட்டிக்கொண்டு பேசலாம் என்பது அவர்களுக்கு ஒரு புதுப் பழக்கமாக இருந்தது, எல்லோரும் அதை அளவுக்கு மீறிச் செய்தார்கள்.

ஒன்பதாவது நாள் சென்னியப்பனுக்கு ஒரு ஆசை வந்தது. கல்யாணம் ஆன நாளிலிருந்து அவர் தன் மனைவியைக் கத்தித்தான் கூப்பிட்டிருக்கிறார். சாதாரணக் குரலில் ஒரு தடவை கூப்பிட வேண்டும் என்று தோன்றியது. கேசட்டைப் போட்டுவிட்டு, சட்டையை மாட்டிக்கொண்டு, குழந்தைசாமி கூடத்துக்கு நடந்து போனார். பாவாயி முதுகைக் காட்டிக்கொண்டு அறுந்த இழையை முடிந்துகொண்டிருந்தாள். வாசலில் நின்று, "பாவாயி" என்றார். அவள் திரும்பவில்லை. தன் குரல் ரொம்பவும் சின்னதாக வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு இன்னொரு தடவை கூப்பிட்டார். நாலு தறி தள்ளி நின்ற பெண் திரும்பிப் பார்த்தாள். பக்கத்துத் தறியில் இருந்த சரசாள் திரும்பி அவரைப் பார்த்தாள், பிறகு பாவாயியைப் பார்த்தாள், பிறகு கையை நீட்டிப் பாவாயியின் தோளைத் தொட்டாள். பாவாயி திரும்பி, அவரைக் கண்டு சிரித்து, என்ன என்று கையால் கேட்டாள். ஒன்றுமில்லை, சும்மா வந்தேன் என்று அவரும் கையால் சொன்னார்.

வீட்டுக்கு வந்து கேசட்டை நிறுத்தினார். மணி நாலு இருபது. அன்றைக்கு மட்டும் சத்தம் முன்னதாகவே வந்துவிட்டதற்கு ஊர் எதுவும் சொல்லவில்லை, ஆனால் சரசாள் பார்த்ததை மற்றவர்களும் பார்க்க ஆரம்பித்திருந்தார்கள். அந்த வாரம் முழுக்க ஊரில் ஒருவரை ஒருவர் பின்னாலிருந்து கூப்பிட்டுப் பார்த்துக்கொண்டார்கள். மகன் தகப்பனைக் கூப்பிட்டான், மருமகள் மாமியாரைக் கூப்பிட்டாள், கூடத்தில் ஒருத்தி நின்றுகொண்டு வரிசையாக எல்லோர் பெயரையும் சொன்னாள். குழந்தைசாமி கூடத்தில் மட்டும் இருபத்திரண்டு பேரில் ஒன்பது பேர் திரும்பவில்லை. இத்தனை வருஷமாக அவர்களுக்குக் காது கேட்கவில்லை என்பதை யாரும் கண்டுபிடிக்கவில்லை, ஏனென்றால் அந்தச் சத்தத்தில் யாருக்குமே கேட்கவில்லை, எல்லோரும் வாயைப் பார்த்துத்தான் பேசிக்கொண்டிருந்தார்கள்.

அடுத்த திங்கட்கிழமை மாரக்காள் என்பவள் தன்னைப் போல ஏழெட்டுப் பேரைக் கூட்டிக்கொண்டு சென்னியப்பன் வீட்டு வாசலுக்கு வந்தாள். அதே கூடத்தில் முப்பத்தைந்து வருஷமாகத் தறி ஓட்டுகிறவள். உள்ளே வந்து உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை. நாலு மணிக்கு எல்லோரும் உதட்டை அசைக்காமல் பேசுகிறார்கள், தங்கள் பக்கம் பார்த்துச் சிரிக்கிறார்கள், எதற்குச் சிரிக்கிறார்கள் என்று தெரியவில்லை, பேத்திகூடத் தன்னிடம் சொல்வதை விட்டுவிட்டாள் என்று சொல்லிக்கொண்டே வந்தவள் கடைசியில், "சத்தம் இருந்த வரைக்கும் நாங்க செவுடில்லீங்க. நீங்க கேசட்டப் போட்டுத்தானுங்க செவுடானோம்" என்றாள்.

சென்னியப்பன் வாசற்படி இறங்கி அவளுக்கு நேராக நின்றார். யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவைத்தார்.

மறுநாள் குழந்தைசாமி வந்தார். நாற்பத்தெட்டுத் தறிக்குச் சொந்தக்காரர், சங்கத்தின் தலைவர், பாவாயியின் முதலாளி, கூடத்துக்கு மேலேயே மாடி கட்டிக் குடியிருக்கிறவர். தனியாக நடந்து வந்திருந்தார். டெக்குகளையெல்லாம் சுற்றிப் பார்த்தார், நல்லபடியாக வைத்திருக்கிறாய் என்றார், அந்த மரப்பலகை டெக்கை மட்டும் தனக்குக் கொடுத்துவிட முடியுமா என்று கேட்டார். மோர் ஊற்றி வருவதற்காகத் திரும்பிய சென்னியப்பன், முதுகைக் காட்டியபடியே, எதுக்குங்கண்ணா என்றார். பதில் இல்லை. டம்ளரோடு திரும்பியபோது குழந்தைசாமி அவருடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்தார், அது தன் பக்கம் திரும்புவதற்காகக் காத்திருக்கிறவர் மாதிரி. சென்னியப்பன் டம்ளரைக் கையில் கொடுத்து, எதிரே உட்கார்ந்து, வாயை அகலத் திறந்து அதே கேள்வியைத் திரும்பவும் கேட்டார்.

குழந்தைசாமி மோர் டம்ளரைக் கீழே வைத்தார். பிறகு, "எங்கூட்டுல நாலு மணியானா எல்லாரும் மெதுவாப் பேசறாங்கப்பா. நான் மட்டும் சிரிச்சுட்டு ஒக்காந்திருக்கறேன்" என்றார். இதை வெளியே சொல்ல வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொள்ளவில்லை, சென்னியப்பனும் சொல்லவில்லை. டெக்கைக் கொடுக்க மனம் வரவில்லை என்பதை மட்டும் சொன்னார். அதற்கென்ன, பரவாயில்லை என்று சொல்லிவிட்டு அவர் எழுந்து போனார்.

அதன்பிறகு இரண்டு நாள் சென்னியப்பன் கேசட் போடவில்லை. கண்டக்டர் பாலத்தில் இறங்கி விசில் ஊதிக்கொண்டு வந்து, தறிச் சத்தத்தைக் கேட்டுவிட்டுத் திரும்பவும் பஸ்ஸில் ஏறிக்கொண்டார். வாத்தியார் இரண்டு தடவை வந்து விசாரித்துவிட்டுப் போனார். சாயங்காலம் வழக்கம்போல் டெக்குகளுக்கு முன்னால் சென்னியப்பன் உட்கார்ந்தார், ஆனால் எதையும் போடவில்லை. பாவாயி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். கூடத்துக்கு அன்றைக்கு அவர் வந்தது எதற்கு என்று தனக்குத் தெரியும், சரசாள் சொன்னாள் என்றாள். அவர் அவள் பக்கம் திரும்பி உட்கார்ந்து, எப்போதிருந்து என்று கேட்டார். பதினைந்து பதினாறு வருஷம் இருக்கும், ஒரே நாளில் போகவில்லை, முதலில் குருவி போனது, அப்புறம் போன் மணி போனது, அப்புறம் எது எப்போது போனதென்று தெரியவில்லை என்றாள்.

"அப்ப இத்தன வருசமா எங்கூட ஒக்காந்து என்ன புள்ள கேட்ட?"

"நீங்க கேக்கறதப் பாத்துட்டு இருந்தேனுங்க."

 ஒவ்வொரு நாளும் நல்லா இருக்குதா என்று கேட்டேனே, அப்போதாவது சொல்லியிருக்கக் கூடாதா என்றார். நல்லா இருக்குதா என்று கேட்டீர்கள், நன்றாகத்தான் இருந்தது, அதனால் தலையாட்டினேன் என்று அவள் சொன்னாள். அதை அவள் வருத்தமாகவோ குத்தலாகவோ சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிற மாதிரிதான் சொன்னாள். ஆனால் முப்பத்திரண்டு டெக்குகளையும் தூக்கி ஓடையில் போட்டுவிட வேண்டும் போல அவருக்கு இருந்தது. இனிமேல் அந்தக் கேசட்டைப் போடப் போவதில்லை என்று சொன்னார்.

பாவாயி அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. சரசாளின் மகள் மேகலா தறிக்கு வந்து இரண்டு வருஷம் ஆகிறது, வயது பத்தொன்பது, போன வாரம் சரசாள் அவளைப் பின்னாலிருந்து கூப்பிட்டுப் பார்த்தாள், சத்தமாகக் கூப்பிட்டால் திரும்புகிறாள், மெதுவாகக் கூப்பிட்டால் திரும்பவில்லை, இது அந்தப் பெண்ணுக்கே தெரியாது என்றாள்.

"எனக்கும் அப்படித்தானுங்க ஆரம்பிச்சுது. அந்த ஒரு மணி நேரத்துலதான் யாருக்கு எவ்வளவு மிச்சமிருக்குதுன்னு தெரியும். நீங்க போடுங்க."

வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு அவர் கேசட்டைப் போட்டார். அன்றைக்கு வேடிக்கை பேச யாரும் வெளியே வரவில்லை. பாவாயி குழந்தைசாமி கூடத்தின் நடுவில் சாக்கட்டியால் ஒரு கோடு போட்டு, அதிலிருந்து அடி அடியாக இன்னும் பன்னிரண்டு கோடுகள் போட்டாள். முதல் கோட்டில் ஒருவர் முதுகைக் காட்டி நிற்க, சரசாள் ஒவ்வொரு கோடாகப் பின்னால் போய்க்கொண்டே ஒரே குரலில் பெயரைச் சொன்னாள், எந்தக் கோட்டில் அவர்கள் திரும்பவில்லையோ அந்த எண்ணைப் பாவாயி சுவரில் எழுதினாள். மேகலா திரும்புவது ஐந்தாவது கோட்டிலேயே நின்றுபோனது. அந்த எண்ணைப் பார்த்துவிட்டு அந்தப் பெண் ஒரு மூலையில் போய் உட்கார்ந்துகொண்டாள், அவளை எழுப்ப யாரும் போகவில்லை, கொஞ்ச நேரம் கழித்து அவளே எழுந்து வந்து அடுத்தவர்களுக்குப் பெயர் சொல்ல ஆரம்பித்தாள்.

ஒரு வாரத்துக்குள் ஒவ்வொரு கூடத்திலும் கோடுகள் வந்துவிட்டன. டவுனிலிருந்து காது டாக்டரம்மா ஒருவர் மெஷினோடு வந்து, பள்ளிக்கூட அறையில் உட்கார்ந்து, தினமும் நாலிலிருந்து ஐந்து வரைக்கும் பத்துப் பத்துப் பேராகப் பார்த்தார். இப்படி ஒரு அமைதியான இடம் தன் ஆஸ்பத்திரியில்கூடக் கிடையாது என்று சொன்னாரே தவிர, அது எப்படி வருகிறது என்று அவரும் கேட்கவில்லை. மேகலாவைத் தறியிலிருந்து எடுத்து, ஊர்க் கோடியில் லுங்கி மடிக்கிற வேலைக்கு மாற்றினார்கள். சத்தம் நுழையாமல் காதை மூடுகிற மூடிகள் வந்தன. முதலில் அவற்றை மாட்டிக்கொண்டவர்களைப் பார்த்து மற்றவர்கள் சிரித்தார்கள், பிறகு சிரித்தவர்களும் மாட்டிக்கொண்டார்கள். மாட்டமாட்டேன் என்றவர்களும் இருந்தார்கள், வாங்கித் தரமாட்டேன் என்ற முதலாளிகளும் இருந்தார்கள். மாரக்காள் சாகிறவரைக்கும் சென்னியப்பனோடு பேசப்போவதில்லை என்று சொல்லிவிட்டாள், அதை அவள் காப்பாற்றவும் செய்தாள். டாக்டரம்மா கிளம்புகிற அன்றைக்கு, எல்லோரும் பார்த்து முடித்தபிறகு, குழந்தைசாமி வந்து வரிசையில் கடைசியாக ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். அவருடைய வீட்டுக்காரம்மா பின்னாலேயே வந்து பக்கத்தில் நின்றார். அதற்குப் பிறகு அந்த வீட்டில் நாலு மணிக்கும் முகத்துக்கு நேராக நின்று பேசினார்கள் என்று கேள்வி.

ஆவணி மாதத்தில் சத்தம் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்ப ஆரம்பித்தது. முதலில் சென்னியப்பனுக்கு மட்டும்தான் கேட்டது. நாலு மணி நிசப்தத்துக்கு அடியில், பக்கத்து ஜில்லாவில் எங்கோ தறி ஓடுகிற மாதிரி ஒரு முணுமுணுப்பு. டெக்கைத் திறந்து பார்த்தார். ஹெட்டுகளின் மேல் செம்பழுப்புப் பொடி படிந்திருந்தது. நாடாவின் பூச்சு உதிர்கிறது, ஒவ்வொரு தடவை போடும்போதும் கொஞ்சம் உதிர்கிறது, அதைத் துடைக்க முடியும், திரும்ப ஒட்ட முடியாது. அதே டெக்கில் வேறு வெற்றுக் கேசட்டுகளைப் பதிந்து பார்த்தார், மற்ற முப்பத்தொரு டெக்குகளிலும் பதிந்து பார்த்தார், அந்தக் கேசட்டையே நகல் எடுத்தும் பார்த்தார். அவையெல்லாம் வெறும் வெற்றுக் கேசட்டுகளாகத்தான் இருந்தன. புரட்டாசி இரண்டாம் வாரத்தில் குமிழைக் கடைசிவரை திருகியபோதும் தறிச் சத்தத்தில் ஒரு கால்வாசிதான் குறைந்தது. மறுநாள் கேசட்டைப் போட்டபோது எதுவும் குறையவில்லை.

சங்கத்துக்குப் போய் முடிந்துவிட்டது என்று சொன்னார். ஒரு பஸ் ரூட்டை நிறுத்திவிட்டதாகச் சொன்னால் எப்படிக் கேட்டுக்கொள்வார்களோ அப்படிக் கேட்டுக்கொண்டார்கள். அதற்கென்ன செய்வது, ஐந்து மாதம் இருந்ததே என்றார்கள். வாத்தியார் மட்டும் அவருடைய கையைப் பிடித்துக் குலுக்கினார்.

அடுத்த நாள் நாலு மணிக்கு, பழக்கத்தில், எல்லாக் கூடங்களிலிருந்தும் ஆட்கள் வாசலுக்கு வந்தார்கள். வந்து நின்றபிறகு சத்தம் குறையவில்லை என்பது நினைவுக்கு வந்தது. திரும்ப உள்ளே போகவும் தோன்றாமல், ஒருவருக்கொருவர் வாயை அகலத் திறந்து எதையோ பேசிக்கொண்டு நின்றார்கள். குழந்தைசாமி தன் கூடத்து மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். அவருக்குச் சத்தம் இருப்பதும் ஒன்றுதான், இல்லாததும் ஒன்றுதான். ஆனால் வாசலில் நின்றவர்களின் வாயைப் பார்த்தார், நாலு மணி ஆன பிறகும் அந்த வாய்கள் அகலமாகவே திறந்து மூடுவதைப் பார்த்தார், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார், எழுந்து போய் மெயின் சுவிட்சை இறக்கினார். நாற்பத்தெட்டுத் தறியும் நின்றன. யாரிடமும் எதுவும் சொல்லாமல் அவர் திரும்ப வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். பக்கத்துக் கூடத்தில் ஒரு பெண் இதைப் பார்த்துவிட்டு உள்ளே போய் அங்கேயும் சுவிட்சை இறக்கினாள், அதற்கடுத்த கூடத்தில் முதலாளியே இறக்கினார், அதற்கடுத்ததில் யார் இறக்கினார்கள் என்று தெரியாது, ஆற்றங்கரை வரைக்கும் ஒவ்வொன்றாக நின்றுகொண்டே போய், கடைசியில் ஆற்றோரக் கூடமும் நின்றது.

வீட்டில் டெக்கைத் துணியால் மூடிக்கொண்டிருந்த சென்னியப்பன் இதைக் கேட்டார். கேசட் எதுவும் ஓடவில்லை என்பதை ஒரு தடவை பார்த்து உறுதிசெய்துகொண்டு கூடத்துக்குப் போனார். தறிகளின் நடுவில் பாவாயி வெறுங்காலோடு அசையாமல் நின்றிருந்தாள். அவர் வந்ததைக் கவனிக்கவில்லை. குனிந்து, தரையில் உட்கார்ந்து, உள்ளங்கையை விரித்துத் தரைமேல் வைத்தாள். அவர் அவளுக்கு எதிரே போய்க் குந்தி, அவள் நிமிரும்வரை காத்திருந்து, என்ன ஆயிற்று என்று கேட்டார்.

"நின்னுருச்சுங்க."

தினமும்தான் நின்றது, ஐந்து மாதமாக இதே நேரத்துக்குத்தானே நின்றது என்றார் அவர்.

"அது உங்களுக்குங்க. எனக்குத் தரை ஆடிட்டேதான் இருந்துச்சு. நான் இங்க வந்த நாள்லருந்து ஆடிட்டே இருந்துச்சு. இன்னைக்குத்தான் நின்னுருக்குது" என்றாள். எப்போதும் கத்திப் பேசுகிறவள், இதைப் பக்கத்தில் நின்ற சரசாளுக்குக்கூடக் கேட்காத அளவுக்கு மெதுவாகச் சொன்னாள்.

கூடத்தின் அந்தக் கோடியில் மாரக்காள் சுவரில் முதுகைச் சாய்த்து, இரண்டு கைகளையும் சுவரில் பதித்துக்கொண்டு நின்றாள். மேஜைக்குப் பின்னால் குழந்தைசாமி குனிந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். சென்னியப்பனும் செருப்பைக் கழற்றித் தள்ளி வைத்துவிட்டு, மனைவியின் கைக்குப் பக்கத்தில் தன் கையைத் தரையில் வைத்தார். ஐந்து மணி வரைக்கும் யாரும் சுவிட்சைத் தொடவில்லை.